எம்டன் பீரங்கியும் ஒரு வில்வ இலையும்: வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

ஆஸ்திரேலியா போய்வந்த கதையை ஐந்து வாரம் இங்கே எழுதினேன். முடித்தாயிற்று, இனி நிம்மதி என்று இருந்தால், பத்திரிகை அலுவலகத் தம்பி ஒருவர் ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து தண்டையார்பேட்டை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். முப்பத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்திய கை இது. கேள்வியைக் கண்டால் சும்மா இருக்காது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் வீட்டுக்காரர் சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன ஏப்ரல் 16-ம் தேதி கிளம்பினோம். சிட்னி, மெல்போர்ன், உலுரு, கெய்ன்ஸ் நான்கையும் பார்த்துவிட்டு மே 4-ம் தேதி வீடு திரும்பினோம்.

பிள்ளை அங்கே வேலையில் இருக்கிறாரா டீச்சர்? இல்லையென்றால் இவ்வளவு செலவை எப்படிச் சமாளித்தீர்கள்?
— பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

பிள்ளை அம்பத்தூரில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போகவே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அது வேறு கதை.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறே முக்கால் லட்சம் ஆனது. நான் நாலு வருஷம் கட்டிய சீட்டு, அவருடைய ஓய்வுப் பணத்தில் ஒரு துண்டு. எல்லாரும் ஓட்டல் செலவைப் பற்றியே கேட்கிறீர்கள். பையைக் காலி செய்தது தூரம்தான். அந்த நாடு இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. மக்கள்தொகையோ தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. சிட்னியிலிருந்து பெர்த்துக்கு விமானத்திலேயே ஐந்து மணி நேரம். இங்கிருந்து டெல்லிக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடுகிறோமே, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். பெர்த்தை நாங்கள் அடித்துவிட்டது அதனால்தான்.

முதலில் ஒரு டிராவல்ஸ்காரர் (பெயர் வேண்டாம்) பதினோரு நாளில் ஏழு ஊர் என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் இருபத்தைந்தாயிரம் முன்பணமும் கட்டிவிட்டார். அன்று ராத்திரி நான் சிவப்பு மை பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த அட்டவணையைத் திருத்தினேன். பதினோரு நாளில் ஆறு விமானம். விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, பறப்பது, பெட்டி எடுப்பது எல்லாம் கூட்டினால், ஊர் பார்க்க மிச்சம் இருந்தது ஆறு நாள் சொச்சம். வேண்டாம் என்றோம். முன்பணத்தில் பதினைந்தாயிரம்தான் திரும்பி வந்தது. போன பத்தாயிரத்தையும் ஆறே முக்கால் லட்சத்தில் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் நாங்களே பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தோம். நான்கே இடம், ஒவ்வொன்றிலும் கால் நீட்டி உட்கார நேரம் இருந்தது. எங்கள் வயதுக்கு அதுதான் சரிப்படும். உங்கள் வயதுக்கும்தான் என்பேன், ஆனால் நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

விசா எடுப்பது கஷ்டமா?
— மாதவரம் வாசகர்

எல்லாம் ஆன்லைனில்தான். பார்வையாளர் விசாவுக்கு 600 என்று ஒரு எண் இருக்கிறது, அதில் சுற்றுலாப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு, பென்ஷன் பேப்பர், வீட்டு வரி ரசீது, பிள்ளை இங்கே இருப்பதற்கான சான்று எல்லாம் வைத்தோம். திரும்பி வந்துவிடுவோம் என்று அவர்கள் நம்ப வேண்டும், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் எதுவும் ஒட்டமாட்டார்கள். மெயிலில்தான் வரும். இவர் முத்திரையைத் தேடித்தேடிப் பாஸ்போர்ட்டைப் புரட்டியே கசக்கிவிட்டார்.

ஊறுகாய், பொடி, கருவாடு எடுத்துப்போக விடுவார்களா? என் மாமியார் இல்லாமல் இருந்தாலும் இருப்பேன், கருவாடு இல்லாமல் இருக்கமாட்டேன்.
— காசிமேடு வாசகி

மாமியார் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்று நம்புகிறேன்.

கருவாட்டை நான் வீட்டிலேயே வைத்துவிட்டேன். விட்டாலும் விடுவார்களாம், ஆனால் பெட்டியைத் திறந்து அந்த வாசனையை நான் ஒரு அதிகாரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமே! அந்த நாடு ஒரு தனித் தீவு. வெளியிலிருந்து ஒரு பூச்சியோ விதையோ நோயோ வந்துவிட்டால் அவர்கள் விவசாயம் போயிற்று. அதனால் விமானத்தில் ஒரு அட்டை கொடுப்பார்கள். உணவு இருக்கிறதா, விதை, இலை, மரச்சாமான் இருக்கிறதா என்று கேட்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் 'ஆம்' என்று டிக் போடுங்கள். ஆம் என்றால் பார்ப்பார்கள், வேண்டாததை எடுத்துக்கொள்வார்கள், அத்துடன் சரி. இல்லை என்று எழுதிவிட்டுப் பிடிபட்டால் அபராதம். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் போட்டு மறந்தாலும் அதே கதிதான்.

நான் பெரிய ஒழுங்குக்காரி என்று நினைப்பு. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, மேலே பட்டியலும் எழுதி ஒட்டியிருந்தேன். சிட்னியில் அந்த அம்மாள் பட்டியலைப் படித்துப் பார்த்துச் சிரித்தே விட்டாள். அதற்குள் கயிற்றில் கட்டிய ஒரு நாய் வந்தது. பொடிப் பையை மோந்து பார்த்துவிட்டு விட்டது. நேராக என் தோள்பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை, சும்மா உட்கார்ந்து என்னையே பார்த்தது. பள்ளிக்கூடத்தில் பிட்டுடன் பிடிபட்ட பிள்ளைகள் எப்படி விழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அப்படி விழித்தேன்.

பையின் உள் அறையில், கிளம்புவதற்கு முந்தின நாள் திருவொற்றியூர் கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம். அதற்குள் ஒரு வில்வ இலை, பாதி வாடியது. எனக்கே தெரியாது. 'சாமி பிரசாதம், மறந்துவிட்டேன்' என்றேன். உணவு, இலை இரண்டுக்கும் 'ஆம்' போட்டிருந்ததால் தப்பித்தேன். அந்த அம்மாள் கையுறை போட்ட விரலால் இலையை மட்டும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள். விபூதியைப் பழையபடியே மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். நம்மூரில் அர்ச்சகர்கூட அப்படிக் கொடுத்ததில்லை.

சார் ஹார்பரில் இருந்தவராச்சே, சிட்னி துறைமுகம் பார்த்து என்ன சொன்னார்?
— ராயபுரம் வாசகர்

இந்தக் கேள்விக்கு அவரே பதில் எழுதுவதாகச் சொன்னார். எழுதினார். நாலு பக்கமும் கிரேன்தான். அதனால் நான் எழுதுகிறேன்.

சிட்னியில் ஐந்து நாள் இருந்தோம். அதில் மூன்று நாள் சர்க்குலர் கீ என்கிற படகுத்துறையிலேயே போனது. அங்கிருந்து நாலாப் பக்கமும் பெர்ரி போகிறது. வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏற வேண்டியதுதான், தனி டிக்கெட் வேண்டாம். மேன்லி என்ற கடற்கரைக்கு அரை மணி நேரம் போகிற பெர்ரியில் இவர் இரண்டு தடவை போய்வந்தார். துறைமுகத்து ஓரத்தில் இருக்கும் ஒபரா ஹவுஸ் என்ற இசை அரங்கை என்னைவிட அவர்தான் அதிகம் பார்த்தார், ஆனால் தண்ணீரிலிருந்து. நான் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். தூரத்திலிருந்து வெள்ளை வெளேரென்று தெரிகிறதே, கிட்டப் போனால் வெள்ளையே இல்லை. பளபளக்கிற ஓடு ஒன்று, மங்கலான பாலாடை நிற ஓடு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பதித்திருக்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் ஓடுகள், ஸ்வீடனில் செய்தவை. வரைந்து கொடுத்த டென்மார்க் கட்டடக் கலைஞர் யோன் உட்சன், அரசாங்கத்தோடு மனத்தாங்கலாகி 1966-ல் பாதியில் விட்டுப் போனார். 1973-ல் திறந்தார்கள். 2008-ல் அவர் சாகும்வரை அதை வந்து பார்க்கவே இல்லை. இதைச் சொன்னதும் இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், 'நான் ஏற்றின சரக்குக் கப்பல் எதையும் போய்ச் சேர்ந்த ஊரில் நானும் பார்த்ததில்லையே' என்றார்.

ராயபுரத்துக்காரரான உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. நம் வீடுகளில் சாமர்த்தியக்காரப் பிள்ளையை 'சரியான எம்டன்' என்போம் இல்லையா? 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேலான குண்டுகளைப் போட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனி தொட்டிகள் எரிந்தன. வந்த சுவடு தெரியாமல் போயும்விட்டது. பட்டணமே பயந்துபோய் ஊரைக் காலி செய்தது. எங்கள் மாமனாரின் அப்பா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு செங்குன்றம் பக்கம் போனதாக வீட்டில் சொல்வார்கள். அந்த எம்டனை முடித்தது யார் தெரியுமா? அதே வருஷம் நவம்பர் 9-ம் தேதி, கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில், ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஒன்று. கப்பலின் பெயர் சிட்னி.

இதை இவர் துறைமுகத்தில் இருந்த காலத்திலேயே கேள்விப்பட்டிருக்கிறார். அந்த ஊரில் அதன் அடையாளம் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் ஹைட் பார்க் பூங்காவில் கால்வலிக்கு உட்கார இடம் தேடிக்கொண்டு ஓரத்துக்கு வந்தோம். ரோட்டு முனையில் ஒரு கல் பீடத்தின் மேல் ஒரு பீரங்கி. சின்னது. நம் கோட்டை அருங்காட்சியக வாசலில் இருப்பவைகூட இதைவிடப் பெரியவை. இவர்தான் பீடத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். எம்டன் கப்பலிலிருந்து எடுத்தது! சுற்றிலும் பஸ்ஸும் காரும் போகின்றன, ஒரு பையன் பீடத்தில் சாய்ந்துகொண்டு போன் பேசுகிறான், யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் மட்டும் பீரங்கிக் குழாய்க்கு நேரே போய் நின்று, குனிந்து, உள்ளே பார்த்தார். 'என்னங்க பண்றீங்க' என்றேன். 'நம்ம ஊரைப் பார்த்துட்டு வந்த ஓட்டை இது' என்றார்.

மறுநாள் டரோங்கா மிருகக்காட்சிச்சாலைக்குப் பெர்ரி ஏறினோம். அங்கே கங்காரு பார்ப்பது என் திட்டம். பக்கத்தில் பிராட்லீஸ் ஹெட் என்ற முனையில் அந்த சிட்னி கப்பலின் உயரக் கம்பத்தை நட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கங்காரு பின்னுக்குப் போய்விட்டது. கம்பத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் ஒபரா ஹவுஸும் துறைமுகப் பாலமும். பையில் இருந்த எலுமிச்சை சாதத்தை அங்கேதான் சாப்பிட்டோம்.

கோலாவைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்தீர்களா?
— பெரம்பூரிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவி

சிட்னி இருக்கும் மாநிலத்தில் தூக்கக் கூடாது, கண்ணு. மெல்போர்ன் பக்கமும் கூடாது. பக்கத்தில் நின்று பார்க்கலாம். நான் நின்றேன், அது தூங்கியது. ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடத் தூங்குமாம். யூகலிப்டஸ் இலையில் சத்து குறைவு, செரிக்க நேரமாகும், அதனால் அதிகம் அசையாமல் இருக்கிறது. இதை வீட்டில் எழுப்பும்போது அம்மாவிடம் காரணமாகச் சொல்லாதே.

ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் நான். ஆஸ்திரேலியாவில் 'இந்தியன் பசிபிக்' என்று ஒரு ரயில் இருக்கிறதே, நம் நாட்டுப் பெயரை ஏன் வைத்தார்கள்?
— வில்லிவாக்கம் வாசகர்

நானும் முதலில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அது நம்மைச் சொல்லவில்லை ஐயா. பெர்த் பக்கம் இந்துமாக் கடல், சிட்னி பக்கம் பசிபிக் கடல். இரண்டையும் இணைப்பதால் அந்தப் பெயர். 4,352 கிலோமீட்டர். நடுவில் நல்லர்போர் என்ற மரமில்லாச் சமவெளியில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத தண்டவாளம், உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை. அடிலெய்டிலிருந்து டார்வினுக்குப் போகும் 'கான்' இன்னொன்று, 2,979 கிலோமீட்டர். ரயில் வருவதற்கு முன்னால் அந்தப் பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டிச் சரக்குக் கொண்டுபோனவர்களை ஆப்கானியர்கள் என்று மொத்தமாகக் கூப்பிட்டார்கள். அதில் பலர் நம் பக்கத்து பலுசிஸ்தான், பஞ்சாப்காரர்கள். அவர்கள் நினைவாக அந்தப் பெயர்.

இரண்டிலும் நாங்கள் ஏறவில்லை. டிக்கெட் விலை பார்த்ததும் இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று: அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு ஒரு அகலத்தில் தண்டவாளம் போட்டுவைத்தது. சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகிறவர்கள் 1962 வரை எல்லையில் இறங்கி ரயில் மாற வேண்டியிருந்தது. மெல்போர்ன் மின்சார ரயில்கள் இன்றைக்கும் 1,600 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடுகின்றன. நம் அகலப்பாதை 1,676 என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. சமாளிக்க முடியுமா?
— வியாசர்பாடி வாசகி

தமிழ் டீச்சர் நானே சமாளித்தேன். முதல் நாள் கடைக்காரர் 'ஹவ் யா கோயிங்' என்றார். எப்படிப் போகப் போகிறீர்கள் என்று கேட்கிறார் என நினைத்து, 'பெர்ரியில்' என்றேன். சௌக்கியமா என்பதைத்தான் அவர்கள் அப்படிக் கேட்கிறார்கள். அப்புறம் சில்லறை. இரண்டு டாலர் நாணயம் ஒரு டாலரைவிடச் சின்னது. பெரிது என்றால் மதிப்பு அதிகம் என்று நினைத்துக் கொடுத்து நானே இரண்டு தடவை குறைவாகக் கொடுத்திருக்கிறேன், திருப்பிக் கேட்டு வாங்கினார்கள்.

தமிழே பேசவேண்டும் என்றால் சிட்னியில் டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் ரயில் ஏறிப் போங்கள். யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழும். மேஸ் ஹில் முருகன் கோயிலில் ஒரு அம்மா எங்களைப் பார்த்து, 'எங்க இருந்து வாறியள்' என்றார். அடுத்த அரை மணியில் கையில் புட்டும் சம்பலும் இருந்தது.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் புளூ மவுண்டன்ஸா, கிரேட் ஓஷன் ரோடா?
— கொடுங்கையூர் வாசகர்

ஒன்று சிட்னியிலிருந்து, இன்னொன்று மெல்போர்னிலிருந்து. இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பார்க்கிறீர்களே, அந்த டிராவல்ஸ்காரர் உங்களுக்குச் சொந்தமா?

புளூ மவுண்டன்ஸ் சுலபம். சிட்னி சென்ட்ரலிலிருந்து கட்டூம்பாவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். மூன்று சகோதரிகள் என்ற பாறைகள் தெரியும் இடத்தில் நின்றதும் எனக்கு முதலில் வந்தது வாசனைதான். தைலம்! யூகலிப்டஸ் காட்டிலிருந்து எழும் எண்ணெய்ப் புகைதான் அந்த மலைகளை நீலமாகக் காட்டுகிறது என்கிறார்கள். நாம் சளிக்குத் தேய்க்கிற நீலகிரித் தைல மரமே இவர்கள் ஊரிலிருந்து வெள்ளைக்காரன் ஊட்டிக்குக் கொண்டுவந்ததுதான். அந்த மலைக்கும் நீலமலை என்றே பெயர். இவருக்கு மூக்கடைப்பு விட்டுப்போனது.

கிரேட் ஓஷன் ரோடு முழு நாள், பஸ்ஸில் காலை ஏழரைக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்கினோம். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919-லிருந்து 1932 வரை போட்ட ரோடு அது, செத்துப்போன தோழர்களின் நினைவாக. 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' என்று கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளை எண்ணிப் பார்த்து ஏமாறாதீர்கள். பன்னிரண்டு எப்போதும் இருந்ததில்லை. 2005-ல் ஒன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்தது. கொஞ்சம் தள்ளி 'லண்டன் பிரிட்ஜ்' என்ற பாறைப்பாலம் 1990-ல் இடிந்தது. அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள்.

கூட வந்தவர்கள் 'ஆஹா' என்று போட்டோ எடுத்தார்கள். எனக்கு வேறு ஞாபகம். துறைமுகம் கட்டின நாளிலிருந்து மெரினாவில் மணல் சேருகிறது, வடக்கே நம் கரையை அலை தின்கிறது. நான் பாடம் எடுத்த பிள்ளைகளில் திருவொற்றியூர்க் குப்பத்துப் பிள்ளை ஒருத்தி, 'வீடு நேத்து கடலுக்குள்ள போயிடுச்சு டீச்சர்' என்று சொல்லி ஒரு நாள் வீட்டுப்பாட நோட்டு இல்லாமல் வந்தாள். அங்கே கடலரிப்பை பஸ் போட்டுக் காட்டுகிறார்கள். நம் பக்கம் கல் கொட்டுகிறார்கள். இவரிடம் சொன்னேன். 'அதுக்கு நான் என்ன பண்ணுவேன், நான் கிரேன்தான் ஓட்டினேன்' என்றார்.

நாங்கள் மெல்போர்னில் இருந்தபோது ஏப்ரல் 25 வந்தது. ஆன்சாக் தினம். 1915-ல் துருக்கியின் கலிப்பொலியில் இறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் நினைவுநாள். காலையில் பால் வாங்கப் போனால் சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கிறது, மதியம் ஒரு மணிக்குத்தான் திறந்தார்கள். அந்தத் தேதியில் போகிறவர்கள் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுசா கல்யாணம் ஆனவள். ட்ரிப்பில் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.
— கொளத்தூர் வாசகி

உலுருவில் போட்டோம்மா. நல்ல சண்டை.

நாட்டின் நட்டநடுப் பாலைவனத்தில் 348 மீட்டர் உயரத்துக்கு ஒரே சிவப்புப் பாறை. அந்தப் பாறையில் இரும்பு இருக்கிறது, காற்றுப்பட்டுத் துருப்பிடித்துத்தான் அந்தச் சிவப்பு. இவர் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தையே, 'பெயின்ட் அடிக்காத கிரேன் மாதிரி இருக்கு'. அங்கே ஈ. கண், மூக்கு, வாய் எதையும் விடாது. தலையில் போட்டுக்கொள்ள ஒரு வலை விற்கிறார்கள். வாங்கலாம் என்றேன். 'காசிமேட்டில் பார்க்காத ஈயா' என்றார். நான் எனக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன். பாறையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் பாதை. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு ஈயை விழுங்கிவிட்டார். என் வலையைக் கேட்டார். தரமாட்டேன் என்றேன். அதிலிருந்து பிடித்தது: வலையில் தொடங்கி, 1994-ல் என் தங்கை கல்யாணத்துக்கு ஓவர்டைம் என்று அவர் வராதது வரைக்கும் போனது. சுற்றிலும் ஒரு ஆளில்லை. முப்பது வருஷம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று தணிந்த குரலில் சண்டை போட்டவள், அன்று வாய்விட்டுக் கத்தினேன். அவரும் கத்தினார்.

நடுவில் ஒரு பலகை வந்தது. இது இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்குப் புனிதமான இடம், இங்கே படம் எடுக்க வேண்டாம் என்று. இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம். கோயில் பிராகாரத்தில் சத்தம் போட்டதுபோல வெட்கமாகிவிட்டது. அந்த மக்களுக்கு அந்த நிலத்தை அரசாங்கம் 1985-ல் திருப்பிக் கொடுத்தது. பாறைமேல் ஏறவேண்டாம் என்று அவர்கள் எத்தனையோ வருஷம் சொல்லி, 2019 அக்டோபரில்தான் ஏறுவதை நிறுத்தினார்கள். அங்கிருந்து கல் திருடிக்கொண்டு போனவர்கள் பலர், அப்புறம் மனசு கேட்காமல் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்களாம்.

மீதி நடையை அவர் வலையோடு நடந்தார், நான் முந்தானையைச் சுற்றிக்கொண்டேன். மறுநாள் காலை அவர் தனக்கென்று ஒன்று வாங்கினார். தங்கை கல்யாணத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நீச்சல் தெரியாதவர்கள் பவளப்பாறை பார்க்க முடியுமா?
— எண்ணூர் வாசகர்

முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில் இருந்தும் இவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. கெய்ன்ஸிலிருந்து முக்கால் மணி நேரப் படகில் கிரீன் தீவு. அங்கே அடியில் கண்ணாடி வைத்த படகு இருக்கிறது. கிரேட் பேரியர் ரீஃப் என்ற அந்தப் பெரிய பவளத்திட்டு 2,300 கிலோமீட்டர் நீளம். நாங்கள் பார்த்தது ஒரு மூலை. விளம்பரத்தில் வருகிற மாதிரி எல்லாம் வர்ணமாக இருக்காது. பழுப்பு, சாம்பல், சில இடத்தில் எலும்புபோல வெள்ளை. கடல் சூடானால் பவளம் வெளுத்துவிடும் என்று படகுக்காரப் பெண் மறைக்காமல் சொன்னாள். ஆனால் ஒரு ஆமை எங்கள் கண்ணாடிக்குக் கீழே நிதானமாகப் போனது, கை வீசி நடக்கிற பெரியவர் மாதிரி. இவர் அதோடு சேர்ந்து படகின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார்.

தண்ணீரில் இறங்குகிறவர்கள் நவம்பர் முதல் மே வரை உடல் முழுக்க மூடுகிற உடை போட்டுக்கொள்ள வேண்டும். கொட்டினால் ஆளையே கொல்லும் சொறிமீன் உண்டு. கெய்ன்ஸ் பக்கம் முதலைப் பலகை இருக்கும் கரையில் காலைக்கூட நனைக்காதீர்கள்.

காசிமேடு மாதிரி மீன் மார்க்கெட் உண்டா?
— புதுவண்ணாரப்பேட்டை வாசகர்

சிட்னியில் உண்டு. ஏலம் மட்டும் நமக்கு நேர்மாறு. நம்மிடம் ஐந்நூறில் தொடங்கி ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏறும். அங்கே மேலே ஆரம்பித்து விலை இறங்கிக்கொண்டே வரும். யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்கு மீன். சத்தமே இருக்காதாம். சத்தமில்லாத ஏலத்தில் வாங்கின மீன் என்ன ருசி இருக்கும் என்று நினைத்தேன். பாரமுண்டி என்று சாப்பிட்டோம். நம் கொடுவாதான் அது. நன்றாகவே இருந்தது.

போகும்போது கட்டாயம் எடுத்துப்போக வேண்டிய ஒரு பொருள்?
— மணலி வாசகி

பிளக் அடாப்டர். அங்கே மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான், ஆனால் துளைகள் சாய்ந்திருக்கும், நம் பிளக் நுழையாது. முதல் ராத்திரி சிட்னியில் இரண்டு போனும் செத்து, ஓட்டல் வரவேற்பறையில் கடன் வாங்கினோம். மறுநாள் கடையில் இரண்டு வாங்கினோம், இங்கே பர்மா பஜாரில் கிடைக்கும் விலையைச் சொல்லி இவர் அழுதார். அந்த இரண்டும் இப்போது எங்கள் அலமாரியில் சும்மாதான் கிடக்கின்றன. அடுத்து கிளம்புகிறவர் யாராக இருந்தாலும் பத்திரிகைக்கு எழுதுங்கள், கொடுத்தனுப்புகிறேன். திருப்பித் தந்துவிட வேண்டும்.